மேய்ச்சல் கோழியும் கணக்கேடும்



பனியன் கம்பெனியில் ஆர்டர் குறைந்தால் முதலில் வேலையிழப்பவன் நம் வீட்டுப் பிள்ளையே. ஆகவே கோழிப்பண்ணை வைக்கலாமா என்று பலர் என்னை வினவுகின்றனர். பல்லடம் வட்டாரத்துக் கறிக்கோழிப் பண்ணைகளில் பெரும்பாலும் குஞ்சும் தீவனமும் கம்பெனியுடையவை. கொட்டகையும் உழைப்பும் வளர்ப்பவருடையவை. அவர் பெறுவது வளர்ப்புக் கூலி. கொட்டகைக்கு நிலம் வேண்டும், கடன் வேண்டும். நமக்கு அது எளிதன்று.

நாட்டுக்கோழியை மேய்த்து வளர்க்கவும் நிலம் தேவைதான். ஆனால் காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளை நோக்குங்கள்! கிளுவை வேலி, வெள்வேல மர நிழல், கொழுக்கட்டைப் புல். மேய்ச்சலுக்குக் குத்தகைக்கு விடும் வழக்கமும் அங்குண்டு. நால்வர் கூடி எடுக்கலாம். புழு பூச்சி இலவசமே. எனினும் மாலையில் தானியம் இட்டே தீரவேண்டும். கீரியும் பருந்தும் தம் பங்கைக் கேட்கும்.

அவற்றினும் கொடியது வெள்ளைக்கழிச்சல். நான் வீட்டில் முப்பது குஞ்சுகள் வளர்த்தேன், தடுப்பூசியை அடுத்த வாரம் பார்க்கலாம் என்றிருந்தேன், நான்குதான் மிஞ்சின. முதல் வாரத்தில் சொட்டு மருந்து, எட்டாம் வாரத்தில் தடுப்பூசி. கால்நடை மருந்தகத்தில் கேட்டுத் தவறாது போடுங்கள்.

2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிக்குப் பணம் கட்டி இழந்தோர் பலர். திரும்ப வாங்கிக்கொள்வோம் என்ற வாக்கை நம்பினார்கள். சந்தையில் உண்பவர் யார் என்று கேட்டாரில்லை. நாட்டுக்கோழிக்கு உண்பவர் உண்டு. ஆனால் கறிக்கோழி ஆறு வாரத்தில் விலைபோகும். இதற்கு நான்கைந்து மாதமாகும். அதுவரை செலவைத் தாங்கக் கையில் பணமிருக்கிறதா?

ஐம்பது குஞ்சுகளுடன் தொடங்குங்கள். வீட்டுப் பெண்களின் உழைப்பையும் கூலியாகச் செலவில் எழுதுங்கள். ஞாயிறு மாலைகளில் கணக்கேட்டைச் சங்கக் கட்டடத்திற்குக் கொண்டுவந்தால் நானே சரிபார்த்துத் தருவேன்.