காற்று வெளியேற ஒரு வழி

படப்பை, ஒரகடம் வட்டாரத்துத் தொழிற்சாலைகளை நம்பி வெளி மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்தவர்களுக்காக, சேரப்பணஞ்சேரி போன்ற கிராமங்களில் வரிசை வரிசையாகக் கட்டி வாடகைக்கு விடப்படும் லைன் வீடுகளில், நைட் ஷிப்ட் முடித்துத் திரும்புகிற ஒருவர், வெயில் ஏறுகின்ற வேளையிலேயே கதவைத் தாழிட்டுக்கொண்டு உறங்கவேண்டியிருக்கிறது. அந்த உறக்கத்துக்கு அத்தியாவசியமான காற்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

ஒரு ஜன்னல் வைத்துவிட்டால் காற்று வந்துவிடும் என்னும் நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. வாய் குறுகிய குடத்தைத் தலைகீழாகத் தண்ணீரில் அமுக்கும்போது, உள்ளிருக்கும் காற்று வெளியேறாதவரை தண்ணீர் உள்ளே ஏறுவதில்லை அல்லவா? அறையின் சங்கதியும் ஏறக்குறைய அதுவே. காற்று மோதுகின்ற சுவர்ப்பக்கம் அழுத்தம் கூடி, மறுபக்கம் குறைவதால், இரு பக்கமும் திறப்பு உள்ள வீட்டில்தான் அது தடையின்றி ஊடுருவிச் செல்லும். முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய வரிசைகளிலோ அந்த மறுபக்கமே கிடையாது. மின்விசிறி வியர்வையை உலர்த்துமே ஒழியப் புதுக்காற்றைக் கொணராது. தகரக் கூரையடியில் தேங்கிய உஷ்ணத்தையே தேகத்தின்மேல் இறக்கிவிடும்.

2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வெப்பமும் ஈரமும் மிகுந்த பிரதேசங்களில், கதவைச் சேர்க்காமலே, தரைப்பரப்பில் 6-இல் 1 பங்கு திறப்பு வேண்டும் என்கிறது. பத்துக்குப் பத்து அறைக்கு அது சுமார் 17 சதுர அடி. 3 அடிக்கு 4 அடி ஜன்னலோ 12 சதுர அடிதான். அதற்கும் கொசுவலை அடித்து, எதிரே கைநீட்டும் தூரத்தில் அடுத்த வீட்டுச் சுவரும் நின்றுவிட்டால், எஞ்சுவது என்ன?

பரிகாரம் பெருஞ்செலவு பிடிப்பதன்று. சூடேறிய காற்று மேலே எழும் சுபாவமுடையது; ஆகவே கீழே ஒரு ஜன்னலும், எதிர்ச்சுவரில் கூரையை ஒட்டித் துளைகளுள்ள ஒரு சிமெண்ட் ஜாலியும் அமைந்தால், வெளியே காற்றசைவு இல்லாத நடுப்பகலிலும் அறை மெல்லச் சுவாசிக்கும். பின்சுவர் பொதுச்சுவராயின், கதவுக்கு மேலே ஜாலியும் கூரை உச்சியில் மழை புகாத திறப்பும் உதவும். திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், செங்கற்களை இடைவிட்டு அடுக்கிய ஜாலிச் சுவர்களாலேயே ஜன்னல் செலவைக் குறைத்துக் காட்டினார். இரவில் கதவைத் திறந்துவைக்க அஞ்சும் பெண் தொழிலாளர்களுக்கு இத்தகைய ஜாலி காற்றையும் தரும், காவலையும் தரும்.

புதிதாக வரிசை வீடு கட்டும் உரிமையாளர்களிடம் நான் வேண்டுவது ஒன்றே: இன்னும் ஓர் அறை எடுக்கலாமே என்று எண்ணி, இரு வரிசைகளுக்கும் நடுவே விடவேண்டிய இடைவெளியை விழுங்கிவிடாதீர்கள்; ஏனெனில், பிற்பகலில் கிழக்கேயிருந்து வருகின்ற கடற்காற்று உங்கள் குடித்தனக்காரர்களை எட்டுவதற்கு வேறு வழி இல்லை.