1,407 வாக்குகளும் ஓர் ஆளுநர் மாளிகையும்



அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்குச் சட்டமன்றம் இல்லை. துணைநிலை ஆளுநர் மக்களிடம் வாக்குக் கேட்டு வருபவரல்லர், தில்லியால் அனுப்பப்படுபவர். நாடாளுமன்றத்தில் தீவுகளுக்கு ஒரே ஒரு மக்களவை உறுப்பினர்.

‘மோடி அலை’ என்று பறைசாற்றப்பட்ட 2014இல்கூட, பாஜகவின் விஷ்ணுபத ரே 7,812 வாக்குகளில்தான் தொகுதியைத் தக்கவைத்தார். 2019இல் வேட்பாளரை மாற்றிய பாஜக, காங்கிரசின் குல்தீப் ராய் சர்மாவிடம் 1,407 வாக்குகளில் தோற்றது. 2024இல் ரே மீண்டும் வென்றார்.

போட்டி கடுமைதான், அதிகாரம் எங்கே? சர்மா உறுப்பினராக இருந்தபோதே, 2022 நவம்பரில், கிரேட் நிக்கோபாரில் சுமார் 130 சதுர கிலோமீட்டர் காட்டை விழுங்கும் துறைமுகத் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. ஷோம்பென் மக்கள் வாழும் காடு அது! அதே மாதம் பழங்குடிக் குழு தனது ஒப்புதலைத் திரும்பப் பெற்றது. ஒன்றிய அரசோ அனுமதியைத் திரும்பப் பெறவில்லை.