வந்தவாசியில் ஓடினது யாரு? பகடையில் படையின் மனசு

இளம்பிள்ளையிலிருந்து பேசுறேன். பின்னாடி தறிச் சத்தம் கொஞ்சம் கேட்கும், பொறுத்துக்குங்க.

ஆடுபுலி ஆட்டத்துல ஆட்டுக்குப் பயம் கிடையாது. பக்கத்து ஆட்டைப் புலி தாண்டி வெட்டினாலும் நின்ன இடத்துலேயே நிக்கும். மேசைப் போர் விளையாட்டும் ரொம்ப நாள் அப்படித்தான். ஹெச். ஜி. வெல்ஸ் 1913-ல் எழுதின 'லிட்டில் வார்ஸ்' விதிகளில் பொம்மைச் சிப்பாய்க்கு ஓடவே தெரியாது. படையின் மன உறுதிக்குத் தனியாகப் பகடை உருட்டும் பழக்கம் பிற்பாடு பரவினதுதான்.

அந்தப் பகடையில் எனக்கு ஒரு சண்டை இருக்கு. நான் வாங்கின ஒரு விதிப்புத்தகத்தில், கர்நாடகப் போர்களுக்கான பக்கத்தில், ஐரோப்பியப் படைக்குக் கூட்டல் ஒன்று, இந்தியச் சிப்பாய்க்குக் கழித்தல் ஒன்று. ஏன்னு ஒரு வரி விளக்கம்கூட இல்லை.

சரி, வந்தவாசிக்குப் போவோம். 1760 ஜனவரி 22. லாலியின் பிரெஞ்சுப் படையும் அயர் கூட்டின ஆங்கிலேயப் படையும். பிரெஞ்சு இடது பக்கத்தில் ஒரு அரண். அங்கே வெடிமருந்து வண்டி வெடிச்சது. அரணை விட்டு ஓடினவங்க ஐரோப்பியர்கள், கப்பற்படை ஆட்கள். லாலியின் ஐரோப்பியக் குதிரைப்படை முதலில் நகரவே மறுத்தது. நகர்ந்த பிறகு பீரங்கி அடியில் திரும்பிடுச்சு. பிரெஞ்சுத் தரப்பில் நின்ன இந்தியச் சிப்பாய்களும் முன்னேறலைதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனா அதே படையில் 1759 அக்டோபரில் சம்பளப் பாக்கிக்காக ஐரோப்பியச் சிப்பாய்களே கலகம் பண்ணியிருந்தாங்க. கூலி பாக்கின்னா என்னன்னு நம்ம ஊர்ல யாருக்கும் விளக்க வேண்டாம்.

அதனால எங்க மேசையில் நிறத்துக்கு மதிப்பெண் இல்லை. ஒவ்வொரு படைப்பிரிவுக்குக் கீழேயும் ஒரு காசு வைப்போம். காசு இருந்தா சம்பளம் வந்தாச்சு. இரண்டு பகடை, கூட்டுத்தொகை ஆறு அல்லது மேலே வந்தா படை நிக்கும். 36-ல் 26 வாய்ப்பு. காசு இல்லேன்னா இரண்டு கழிக்கணும். வாய்ப்பு 15 ஆகிடும். பக்கத்துலேயே வெடிச்சா இன்னொண்ணு கழியும், 10-தான் மிச்சம். பகடையை நடுவர்தான் உருட்டுவார், அதுவும் உத்தரவு கொடுத்த பிறகு. லாலிக்குத் தன் குதிரைப்படை மறுக்கும்னு முன்கூட்டித் தெரியாதே.

தளபதிக்கும் ஒரு விதி இருக்கு. 1749-ல் ஆம்பூரில் நவாப் அன்வருதீன் யானை மேலேயே செத்தார்; படை கலைஞ்சு போச்சு. யானை மேல இருந்தா எல்லாருக்கும் தெரியும், விழுந்தாலும் எல்லாருக்கும் தெரியும். அதனால யானைத் தளபதி பார்வையில் இருக்கிற வரைக்கும் கூட்டல் ஒன்று, விழுந்த உடனே மொத்தப் படைக்கும் பகடை.

எங்களை ரொம்ப நாள் முழிக்க வெச்சது பொள்ளிலூர். 1780 செப்டம்பர் 10, காஞ்சிபுரம் பக்கம். ஹைதர், திப்பு படைகள் நடுவில் கர்னல் பெய்லி. அங்கேயும் வெடிமருந்து வண்டிகள் வெடிச்சுது. வரிசை உடைஞ்சது, சிப்பாய்கள் சிதறினாங்க. ஆனா மிச்சம் இருந்தவங்க ஒண்ணா நெருக்கி நின்னு, பெய்லி சரணடையுற வரைக்கும் திரும்பத் திரும்பத் தாக்குதலைத் தடுத்தாங்க. எங்க கணக்குப்படி அவங்க எப்பவோ ஓடியிருக்கணும்.

எங்கே ஓடுறது? நாலு பக்கமும் மைசூர்க் குதிரை. வந்தவாசி அரணில் இருந்தவங்களுக்குப் பின்னாடி வழி இருந்தது. அப்பத்தான் புது விதி எழுதினோம்: பின்பக்கம் திறந்திருந்தா, தோத்த படை ஓடும். அடைச்சிருந்தா ஓடாது, ஆனா அடுத்த முறை முன்னேறவும் முடியாது, எதிரி சரணடையச் சொன்னா அதுக்கும் ஒரு பகடை.

இதனால ஆட்டமே மாறிப்போச்சு. எதிரியைச் சுத்தி வளைக்கலாமா, வேணும்னே ஒரு பக்கம் வழி விடலாமான்னு எங்க ஆளுங்க இப்ப டீ ஆறுற வரைக்கும் யோசிக்கிறாங்க. இன்னும் சரிப்படாதது வந்தவாசியின் மராத்தியக் குதிரைப்படை. களத்துக்கு வந்தும் தள்ளியே நின்னாங்க. அது பயமா, பேரமா? இப்போதைக்கு அவங்க காசை மேசைக்கு வெளியே வெச்சிருக்கோம்.