தொழிலும் பதிவும்



தோட்டத் துண்டாடலால் பாட்டாளி மக்கள் கலங்கி நின்ற வேளையில், 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். மாதம் 10 வெள்ளி செலுத்திய பால்மரத் தொழிலாளர்கள் தோட்டத்திற்கே பங்குதாரர் ஆயினர். நம் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டமே அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம். பலர் சிறுதொகை சேர்க்கும் முயற்சிக்கு, ஆளுக்கு ஒரு வாக்கு என்னும் கூட்டுறவு அமைப்பே பொருந்தியது.

இன்று தொழில் தொடங்கும் குருண் இளைஞர்களும் அவ்வாறே ஆராய்ந்து அமைப்பைத் தெரிவு செய்தல் வேண்டும். தனியுரிமை வணிகத்தையும் கூட்டு வணிகத்தையும் தொடங்கிய 30 நாள்களுக்குள் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிதல் வேண்டும். செலவு குறைவு, ஆயினும் கடன் மூண்டால் குடியிருக்கும் வீடும் பறிபோகலாம். தொழிலின் பொருட்டுக் கூட்டாளி பட்ட கடனும் நம் தலைமேல் விழும்.

செண்டிரியான் பெர்ஹாட் நிறுவனமாயின், பொறுப்பு பங்குத் தொகையோடு நின்றுவிடும். 2016-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டப்படி ஒருவர் மட்டுமே அதனை அமைக்கவும் இயலும். ஆனால் கணக்கும் ஆண்டறிக்கையும் தவறாது அளித்தல் வேண்டும். வங்கிக் கடனுக்குத் தனிப்பிணை எழுதினால் அப்பாதுகாப்பும் நீங்கிவிடும்.

நட்பை நம்பித் தொழில் தொடங்குவோர், அந்நட்பு நிலைக்கவேனும் ஒப்பந்தத்தை எழுத்தில் வைப்பாராக. இறையருள் துணை நிற்குமாக.