சோடி சேர்க்குமுன்

சபரகமுவைத் தோட்டத்து மக்களுக்குக் கிளி புதியதன்று. கழுத்தில் ஆரம் பூண்ட பச்சைக்கிளி ஆண், ஆரமில்லாதது பெண் என்று சிறுவரும் சொல்வர். சிங்கராஜ வனத்தில் வாழும், இலங்கைக்கே உரிய லேயார்டு கிளியிலும் ஐயமில்லை. ஆணின் அலகு சிவப்பு, பெண்ணின் அலகு கருமை. ஆனால், லயத்து வாசலில் கம்பிக்கூட்டில் வளரும் 'லவ் பேர்ட்ஸ்' என்னும் சிறு கிளியில் இத்தகைய அடையாளம் எளிதில் கண்ணிற் படுவதில்லை.

இதன் உண்மைப் பெயர் பட்ஜரிகார். தாயகம் அவுஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. 1840ஆம் ஆண்டில் ஜோன் கூல்ட் என்னும் பறவையியலாளர் இதனை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். காட்டிலுள்ளது பச்சை, நீலமும் வெள்ளையும் கூட்டு வளர்ப்பிற் பெருகிய நிறங்கள். ஆகவே, பச்சை ஒன்றும் நீலம் ஒன்றும் வாங்கியதால் ஆணும் பெண்ணும் சேர்ந்துவிட்டன என எண்ணுதல் தவறு. இறகின் நிறம் பாலைக் காட்டாது.

பாலைக் காட்டுவது அலகின் மேல், மூக்குத் துளைகளைச் சூழ்ந்துள்ள மெழுகு போன்ற சதையே. வளர்ந்த ஆணுக்கு அது பளிச்சென்ற நீலம். பெண்ணுக்கு வெண்மை அல்லது வெளிறிய நீலம். முட்டையிடும் பருவத்தில் கபில நிறமாகித் தடித்துச் சொரசொரப்பாகும். குஞ்சுகளில் ஆணுக்கு அச்சதை முழுவதும் ஒரே சீரான இளஞ்சிவப்பு. பெண்ணுக்குத் துளைகளைச் சுற்றி வெண்வளையம் தெரியும். விளக்கொளி நிறத்தை மாற்றிக் காட்டும். ஆதலால் பகல் வெளிச்சத்திலே பார்த்தல் வேண்டும். சிவந்த கண்ணுடைய வெள்ளை, மஞ்சட் பறவைகளில் ஆணின் மூக்குச்சதை வாழ்நாள் முழுவதும் இளஞ்சிவப்பாகவே இருப்பதுண்டு. அங்கே அவசர முடிவு கூடாது.

குணத்தை மட்டும் நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும். இரண்டு ஆண்களை ஒரு கூட்டில் விட்டால், ஒன்று மற்றொன்றுக்கு இரை ஊட்டும், தலை கோதும். வளர்ப்பவர் அதனை இல்லறம் என்று மகிழ்ந்து, மாதக்கணக்கில் முட்டைக்குக் காத்திருப்பார். இறுதியில் 'இது மலட்டுப் பறவை' என்று குற்றமற்ற ஒன்றைப் பழிப்பார். இரண்டு பெண்கள் கூடினாலோ, ஒரே கலயத்துக்காக இரத்தம் சிந்தப் போரிடும். சில வேளை ஒன்று மடியும். ஆணில்லாமலும் பெண் முட்டையிடும், அது பொரிக்காது. நாட்கூலியில் மிச்சம் பிடித்து வாங்கிய பறவை இவ்வாறு வீணாகலாமா?

பால் தெளிந்த பின்னும் பொறுமை வேண்டும். நெற்றியில் அலகுவரை கோடுகள் உள்ள பறவை இளங்குஞ்சு. மூன்று, நான்கு மாதத்தில் அக்கோடுகள் மறையும். எனினும் பத்து மாதமேனும் நிறையுமுன் கலயம் வைத்தலாகாது. உரிய பருவத்தில் பெண் ஒன்றுவிட்டொரு நாளாக நான்கு முதல் ஆறு முட்டை வரை இடும். ஏறத்தாழ பதினெட்டு நாளில் குஞ்சு வெளிவரும். அதுவரை கூட்டை அடுப்புப் புகைக்கு எட்டாமலும், மழைச்சாரல் படாமலும் வைத்தல் வேண்டும். ஈரத்திற் பூஞ்சணம் பிடித்த தினை ஆகாது; கணவாய் ஓடு ஒன்று எப்போதும் கூட்டில் இருத்தல் நன்று.

தன் குறையைச் சொல்ல வாயில்லாத உயிரை வளர்ப்பவருக்குக் கண்ணே துணை. வாங்குமிடத்தில் ஒரு நிமிடம் நின்று அந்த மூக்குச்சதையைக் கூர்ந்து நோக்குவாராயின், பின்னர் கூட்டினுள் நேரும் துன்பங்களிற் பல நேராமலே போகும்.