விளிம்பில் ஒரு பெயர்

(பாலவாக்கத்தில் நடைபெற்ற சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய அமர்வை எனக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். யாருக்காவது கண் சொருகினால் நான் வருத்தப்பட மாட்டேன். ஆனாலும் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். மேசை மேல் இருக்கும் பதக்கங்களை ஒவ்வொன்றாகக் கைக்குக் கை அனுப்புகிறேன். விளிம்பைப் பிடித்துப் பாருங்கள், முகப்பில் விரல் படவேண்டாம். வியர்வை பட்ட இடம் வெள்ளியில் கறுத்துப் போகும்.

2024இல் ‘அமரன்’ படம் வந்தபிறகு நம் பிள்ளைகளுக்கு அசோக சக்ரா என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. மேஜர் முகுந்த் வரதராஜனின் பெயர் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிகிறது. நல்லது. ஆனால் அதே பிள்ளையின் வீட்டுப் பரணில், பூஜை அலமாரியில், பழைய டிரங்குப் பெட்டியில் நூறு வயதுப் பதக்கம் ஒன்று கிடக்கலாம். அது என்ன, யாருடையது, அசலா நகலா என்று சொல்ல வீட்டில் ஆள் இருக்காது. அந்தப் பிள்ளை அதை எடுத்துக்கொண்டு நம்மிடம்தான் வரும்.

நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பழைய மதராஸ் படைகளின் பதக்கங்களைச் சேர்த்து வருகிறேன். என் வகுப்பறையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், மஞ்சள் பையிலிருந்து நான்கு முனை நட்சத்திரம் ஒன்றை எடுத்து வைத்தான். வெண்கலம். நடுவில் இரண்டு வாள்கள் குறுக்காக, மேலே கிரீடம், ‘1914-15’ என்ற பட்டை. “எங்க கொள்ளுத்தாத்தா விக்டோரியா கிராஸ் வாங்கினவர் சார்” என்றான். வகுப்பே எழுந்து வந்து சூழ்ந்துகொண்டது.

அது விக்டோரியா கிராஸ் இல்லை என்பது பார்த்தவுடன் எனக்குத் தெரியும். நாற்பது பேர் முன்னால் அதைச் சொல்வதா? சொல்லாமல் விடுவதா? விட்டால் அவன் இன்னும் ஐம்பது ஆண்டுகள் அந்தக் கதையைச் சொல்லித் திரிவான். என்றைக்காவது, விவரம் தெரிந்த யாரோ ஒருவர் சிரித்துவிடுவார். நான் பூதக்கண்ணாடியை அவன் கையில் கொடுத்து, “திருப்பி, பின்பக்கம் என்ன எழுதியிருக்குன்னு நீயே படிப்பா” என்றேன்.

எழுத்துக் கூட்டிப் படித்தான். ஓர் எண். பிறகு ‘சிப்பாய்’. பிறகு ஆங்கில எழுத்தில், படைப்பிரிவு எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய ஒரு தமிழ்ப் பெயர். கடைசியில் 63, அதையடுத்து மூன்று எழுத்துகள். விக்டோரியா கிராஸின் பின்பக்கத்தில் அந்த வீரச்செயல் நடந்த தேதி பொறித்திருக்கும் என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினேன். அவனே நிமிர்ந்து கேட்டான்: “அப்போ இது அது இல்லையா சார்?”

“இல்லைப்பா. ஆனா அந்த 63 என்னன்னு தெரியுமா? பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி. உங்க ஊர்ப் பேருல ஒரு பட்டாளம்.”

அந்தப் பட்டாளம் 1914 நவம்பர் தொடக்கத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவில், இன்றைய தான்சானியாவின் டாங்கா துறைமுகத்தில் இறங்கியது. அன்று அது ஜெர்மனியின் ஆட்சிப் பகுதி. இறங்கிய படை தோற்றுத் திரும்பியது. சண்டைக்கு நடுவே தேனீக்கள் கலைந்து கொட்டியதால், அதைத் ‘தேனீக்களின் சண்டை’ என்றே சொல்வார்கள். பிள்ளைகள் அன்று மணி அடித்தும் எழுந்து போகவில்லை. விக்டோரியா கிராஸ் போன இடத்தில் தேனீக்கள் வந்துவிட்டன.

ஆனால் அங்கேயும் ஒன்றைச் சொல்லித்தான் அனுப்பினேன். கொள்ளுத்தாத்தா டாங்காவில் இருந்தார் என்று இந்த நட்சத்திரம் சொல்லவில்லை. 1915 டிசம்பர் 31க்குள் ஏதோ ஒரு போர்க்களத்தில் பணியாற்றினார் என்பதற்கு மட்டுமே இது சாட்சி. அவர் பட்டாளம் எங்கே இருந்தது என்பது வேறு ஒரு சாட்சி. வீட்டில் சொல்லும் கதை மூன்றாவது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம், ஒன்றாகக் குழைக்கக் கூடாது. நம் பாடப்புத்தகத்தில் ‘வரலாற்றுச் சான்றுகள்’ என்று ஒரு பக்கத்தில் முடிந்துவிடும் பாடம் இதுதான்.

இப்போது கைக்கு வந்திருக்கும் வெள்ளிப் பதக்கத்தைப் பாருங்கள். 1914-18 பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். 36 மில்லிமீட்டர் விட்டம், ஏறக்குறைய ஓர் அவுன்ஸ் வெள்ளி. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ், மறுபக்கம் குதிரை மேல் ஓர் ஆள். அழகு அங்கே இருக்கலாம், விஷயம் விளிம்பில் இருக்கிறது. எண், பதவி, பெயர், பிரிவு எல்லாம் அந்த மெல்லிய ஓரத்தில். ‘2 எஸ். அண்ட் எம்.’ என்று இருந்தால் இரண்டாம் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ், அதாவது நம் மதராஸ் சாப்பர்ஸ். வெள்ளியில் ஏறக்குறைய 65 லட்சம் கொடுத்தார்கள். இதே பதக்கம் வெண்கலத்திலும் உண்டு, ஏறக்குறைய 1,10,000. அவை பெரும்பாலும் சீன, இந்திய, மால்டா தொழிலாளர் படைகளுக்கு. துப்பாக்கி பிடித்தவனுக்கு வெள்ளி, மண்வெட்டி பிடித்தவனுக்கு வெண்கலம். சாம்ராஜ்யம் யாரை எப்படி எடைபோட்டது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான துணைக்கருவி எனக்குக் கிடைத்ததில்லை. வேடிக்கை என்னவென்றால், இன்று சேகரிப்பாளர்கள் அந்த வெண்கலத்தைத்தான் தேடி அலைகிறோம்.

வெள்ளிக்கு வந்த கதி வேறு. 1980 வாக்கில் உலகச் சந்தையில் வெள்ளி விலை தாறுமாறாக ஏறியபோது, இந்தப் பதக்கங்கள் பல நாடுகளில் மூட்டை மூட்டையாக உருக்குக் கடைக்குப் போயின. நம் ஊரிலும் பழைய வெள்ளியோடு சேர்த்துத் தராசில் வைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஒரு கடையில் என் கண்ணெதிரே கொலுசுக் குவியலுக்குள் ஒன்று கிடந்தது. கடைக்காரருக்கு அது 92.5 சதவீத வெள்ளி, அவ்வளவுதான்.

அசலா என்று பார்ப்பது எப்படி? இதற்கு நம் பள்ளி ஆய்வகமே போதும். அறிவியல் ஆசிரியரையும் கூட்டிக்கொள்ளுங்கள். அசல் பதக்கம் அச்சுக்கட்டையில் வைத்து அழுத்தி அடித்தது. போலி பெரும்பாலும் அசலிலிருந்து அச்செடுத்து வார்த்தது. வார்ப்பு ஆறும்போது சுருங்கும், அதனால் விட்டம் சற்றுக் குறையும். வெர்னியர் அளவியில் பிடிபட்டுவிடும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் எழுத்தின் ஓரங்கள் சோப்புத் தேய்ந்த மாதிரி மழுங்கி, ஊசிக்குத்துப் போலச் சிறு குழிகள் தெரியும். விளிம்பைச் சுற்றி ஒரு கோடு ஓடினால் இரண்டு பாதியை ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள். வெள்ளியா, முலாமா என்ற சந்தேகம் வந்தால் நீரில் அமிழ்த்தி அடர்த்தி காணுங்கள். 10.3க்குப் பக்கத்தில் வந்தால் வெள்ளி. 8.9 வந்தால் செம்போ, செம்பு-நிக்கல் கலவையோ. ஆர்க்கிமிடீசுக்கு இதைவிட நல்ல வேலை கொடுக்க முடியாது.

இதைவிட நுட்பமான மோசடி ஒன்று உண்டு. பதக்கம் அசல், பெயர் போலி. சாதாரணப் பெயரை அரத்தால் ராவி எடுத்துவிட்டு, புகழ்பெற்ற பட்டாளத்துக்காரர் ஒருவரின் பெயரை வெட்டியிருப்பார்கள். ராவிய இடத்தில் உலோகம் குறைந்திருக்கும். ஆகவே விட்டத்தை ஒரே திசையில் அளந்து விட்டுவிடாதீர்கள். கடிகார முகத்தில் 12-6, 3-9 என்று நாலைந்து திசைகளில் அளந்து பாருங்கள். வட்டம் வட்டமாக இல்லையென்றால் யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

ஒன்றைப் பிரித்துச் சொல்லவேண்டும். நகல் எல்லாம் மோசடி அல்ல. உடுப்பில் அணிய வீரர்களே நகல் வாங்கிக்கொள்வது உண்டு. ஒரு வீட்டில் நகல் இருந்தால், “உங்க தாத்தா ஏமாத்திட்டாரு” என்று பொருள் இல்லை.

விளிம்பில் பெயர் இல்லாத நாடுகளின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். பல்கேரியாவில் 1880இல் முதலாம் அலெக்சாண்டர் இளவரசர் வீரத்துக்கென ஒரு விருது வரிசையை ஏற்படுத்தினார். சிலுவை வடிவம், வாள்கள், எனாமல் பூச்சு. 1946இல் அங்கே முடியாட்சியே போய்விட்டது. இன்று அந்த விருதுகளைச் சேர்ப்பவர்கள் எனாமலின் நிறத்தையும், செய்த பட்டறையின் முத்திரையையும், உலோகத்தின் வேலைப்பாட்டையும் வைத்துத்தான் வாதாட வேண்டியிருக்கிறது. சிலுவை அசல் என்று நிரூபித்த பிறகும், அது யார் மார்பில் இருந்தது என்ற கேள்வி அப்படியே நிற்கும். நம் சிப்பாயின் தேய்ந்த நட்சத்திரம் அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கிறது.

பெயரில்லாத பதக்கம் ஒன்று நம் ஊர்க் கதையிலும் வருகிறது. 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு, நாம் உட்கார்ந்திருக்கும் இந்த இடத்துக்கு வடக்கே பதினைந்து கிலோமீட்டர் அளவில், ஜெர்மானியக் கப்பல் எம்டன் மதராஸ் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்தியது. உயர்நீதிமன்ற வளாகத்துச் சுவரில் அதற்கு ஒரு பலகை இருக்கிறது. கெட்டிக்காரனையும் கண்டிப்பானவனையும் ‘சரியான எம்டன்’ என்று சொல்லும் வழக்கு அதிலிருந்து வந்தது (நம் தலைமையாசிரியர்களில் பாதிப்பேருக்கு அந்தப் பட்டம் உண்டு). அதே ஆண்டு நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் தீவுகளுக்கு அருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற கப்பல் எம்டனை முடித்துவைத்தது. சிதைந்த கப்பலில் 6,429 மெக்சிகோ வெள்ளி டாலர்கள் கிடைத்தன. கீழ்த்திசைத் துறைமுகங்களில் அன்று செல்லுபடியான காசு அது. அவற்றில் 1,000 காசுகளுக்கு மேலே கிரீடமும் பட்டையும் பூட்டிப் பதக்கமாக்கினார்கள். சிட்னி கப்பலின் மாலுமிகளுக்குக் கொடுத்தார்கள், மிச்சத்தைப் பொதுமக்களுக்கும் விற்றார்கள்.

சேகரிப்பாளனுக்கு இது தலைவலி. மெக்சிகோ டாலர் உலகமெங்கும் கிடைக்கும். மேல்பட்டையை மட்டும் போலியாகச் செய்து பூட்டிவிட்டால் போதும். காசு அசல், கதை போலி. சென்னைக்காரன் என்பதால் என்னிடமும் சிலர் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். நான் வாங்கவில்லை. ஆசை இல்லாமல் இல்லை.

பள்ளிக்குத் திரும்பி வருகிறேன். தமிழ்நாட்டுக் கிராமங்கள் சிலவற்றில், சில இடங்களில் பள்ளிச் சுவரிலேயே, சலவைக்கல் பலகை ஒன்று பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்த ஊரிலிருந்து முதல் உலகப்போருக்கு இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் இறந்தார்கள் என்று இரண்டு எண்கள் மட்டும். சுண்ணாம்பு அடித்து அடித்து எழுத்தே மறைந்த பலகைகளும் உண்டு. அந்தக் கல்லில் ஊர் இருக்கிறது, பெயர் இல்லை. பதக்கத்தில் பெயர் இருக்கிறது, ஊர் இல்லை. இரண்டையும் இணைக்கும் செய்தி வீட்டுப் பெரியவர்கள் வாயில்தான் இருக்கிறது, அதுவும் இன்னும் கொஞ்ச காலத்துக்கு. இதனால்தான் அந்தப் பதக்கம் தராசுக்குப் போகக்கூடாது என்கிறேன். அது உருகினால், கல்லில் உள்ள எண்ணுக்குப் பின்னால் இருந்த ஆள் ஒருவர் முழுதாகக் காணாமல் போகிறார்.

மாணவர்களிடம் இதைச் செய்யச் சொல்லுங்கள். ஊர்க்கல் இருந்தால் கல்வெட்டைப் போலப் படியெடுக்கட்டும். வீட்டில் பதக்கம் இருந்தால் விளிம்பில் உள்ளதை எழுத்து மாறாமல், ஆங்கில எழுத்துப்பிழையைத் திருத்தாமல், நோட்டில் எழுதட்டும். பெயரைவிட எண்தான் முக்கியம். ஒரே பட்டாளத்தில் பத்து ராமசாமிகள் இருந்திருப்பார்கள். இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் பட்டியலில் தேடலாம், கட்டணமில்லை. பதக்கத்தைப் பள்ளியில் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். புகைப்படம் எடுத்துக்கொண்டு அன்றே திருப்பி அனுப்புங்கள்.

அந்த மாணவனின் தாயார் மறுநாள் வந்தார். “சார், வித்தா என்ன கிடைக்கும்?” நியாயமான கேள்வி, வாடகை வீட்டுக்காரர்கள். என் மாணவர் வீட்டுப் பொருளை நான் விலை பேசுவதில்லை, அதை முதலில் சொல்லிவிட்டேன். பிறகு உள்ளதைச் சொன்னேன். தனி நட்சத்திரத்துக்குப் பெரிய விலை கிடையாது. கூடவே வந்த வெள்ளியும் வெண்கலமும் இருந்து, ஒரு படமோ சம்பளச் சீட்டோ இருந்தால் மதிப்பு வேறு. நூறாண்டு கடந்த இப்படிப்பட்ட வரலாற்றுப் பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் அனுமதிக்காது, யாராவது வந்து டாலரில் விலை சொன்னால் எச்சரிக்கை. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அதை முந்தானையில் முடிந்துகொண்டு போனார். விற்றாரா என்று நான் கேட்கவில்லை.

பாதுகாப்பது பற்றி ஒரு வார்த்தை. நம் அம்மாக்கள் வெண்கலத்துக்குப் புளியும் வெள்ளிக்கு விபூதியும் போட்டுத் துலக்குவார்கள். குத்துவிளக்குக்கு அது சரி. பதக்கத்துக்குக் கூடாது, எழுத்து தேய்ந்துவிடும். பாலவாக்கம் மாதிரிக் கடற்கரை ஊரில் உப்புக்காற்று வெண்கலத்தில் பச்சைப் பூப்பை உண்டாக்கும். பருத்தித் துணியில் சுற்றி, டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்று போட்டு மூடுங்கள். மருந்து டப்பாக்களில் வருமே, அதுதான். ரிப்பன் நைந்திருந்தாலும் கழற்றி எறியாதீர்கள்.

பிள்ளைகளை நேரில் அழைத்துப்போய்க் காட்ட வேண்டுமென்றால், புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் பழைய பதக்கங்களும் உடுப்புகளும் ஆயுதங்களும் இருக்கின்றன. நந்தம்பாக்கம் போர்க் கல்லறைக்கும் ஒரு முறை போய்வாருங்கள். கோட்டைக்குள் தலைமைச் செயலகம் இருப்பதால் வாசலில் சோதனை உண்டு, வரிசையில் நிற்க நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகம் விடுமுறை, வேறு நாளாகப் பாருங்கள்.

சரி, வெண்கலப் பதக்கம் யார் கையில் இருக்கிறது? இன்னும் கடைசி வரிசைக்குப் போகவில்லை.