பாலூட்டும் தாய்க்கே மருந்து



கிள்ளை, முடசலோடை, பிச்சாவரம் பக்கம் கைக்குழந்தை இருக்கிற பல வீடுகளில் உரைகல்லும் சங்கும் இன்றைக்கும் இருக்கின்றன. ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு இவற்றை நெல் அவிக்கும்போது அதோடு போட்டு வேகவைத்து, வெயிலில் காயவைத்து எடுத்து வைப்பார்கள். வசம்பை விளக்குச் சுடரில் கருகச் சுடுவார்கள். பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றிய அன்று, பாட்டி கல்லில் கொஞ்சம் தாய்ப்பால் விட்டு, ஒவ்வொன்றையும் ஓர் இழைப்பு இழைத்து, விரலால் வழித்துச் சங்கில் எடுத்துப் புகட்டுவார். மாந்தம் வராது, செவ்வாப்பு அண்டாது, பிள்ளை அழாமல் தூங்கும் என்பது நம்பிக்கை.

பிள்ளை மேல் உள்ள அக்கறையில் வந்த பழக்கம் இது. அதைப் பழிக்க நான் வரவில்லை. ஆனால் இந்த மருந்துகளை வகுத்துக் கொடுத்த வைத்தியர்கள் கூடவே சில கட்டுப்பாடுகளையும் வைத்தார்கள். அவற்றை நாம் மறந்துபோனோம். இன்று அவற்றைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

ஆயுர்வேதத்தின் எட்டு அங்கங்களில் ஒன்று கௌமாரபிருத்யம், அதாவது குழந்தை மருத்துவம். அதற்கென்றே உள்ள பழைய நூல் காசியப சம்ஹிதை. நேபாளத்தில் கிடைத்த சுவடியைக் கொண்டு 1938-இல் அச்சேறியது. நம் சித்த மருத்துவத்தில் பாலவாகடம் இருக்கிறது. ஆயுர்வேத நூல்கள் பிள்ளைகளை மூன்றாகப் பிரித்துப் பார்க்கின்றன. பால் மட்டும் குடிக்கிற பிள்ளை, பாலும் சோறும் சாப்பிடுகிற பிள்ளை, பால் மறந்து சோறு தின்கிற பிள்ளை. சோறு தின்கிற பிள்ளைக்கு மருந்தை நேராகக் கொடுக்கலாம். பாலும் சோறுமாக இருக்கிற பிள்ளை என்றால், பிள்ளைக்கும் தாய்க்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பால்குடிப் பிள்ளைக்கு நோய் என்றால், மருந்து பாலூட்டும் தாய்க்கு! எவ்வளவு முன்யோசனை பாருங்கள்.

பிறந்த பிள்ளைக்கே தருகிற மருந்துகளும் நூல்களில் உண்டுதான். ஆனால் அளவைக் கவனியுங்கள். காசியபர் வைக்கும் அளவு ஒரு வாய்விடங்கம், மிளகைவிடச் சிறிய விதை. மாதம் ஏற ஏறக் கொஞ்சம் கூட்டலாம், எப்போதும் ஒரு நெல்லிக்காயைத் தாண்டக் கூடாது. இன்னொரு பழைய ஆயுர்வேத நூலாசிரியரான சார்ங்கதரர் முதல் மாதத்துக்கு ஒரு குன்றிமணி எடை என்கிறார். ஒரு கிராமில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. நம் வீட்டு உரைகல்லில் இப்படி யாராவது அளந்து பார்க்கிறோமா? இன்று கொஞ்சம் அதிகம் அழுகிறது, இன்னும் நாலு இழைப்பு இழை என்கிறோம். ஜாதிக்காய் அளவு மீறினால் பிள்ளை கிறங்கிக் கிடக்கும். அது நல்ல தூக்கம் அல்ல, மயக்கம். வசம்பில் பீட்டா அசரோன் என்றொரு பொருள் இருக்கிறது. அது ஆய்வு எலிகளுக்குப் புற்றுநோயைத் தந்ததால், உணவில் வசம்பு சேர்ப்பதை 1968-இல் அமெரிக்கா தடை செய்தது.

‘பச்சிலைதானே, என்ன பண்ணிவிடும்?’ என்று கேட்பவர்கள் பிச்சாவரம் காட்டில் நிற்கிற தில்லை மரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சிதம்பரத்துக்கே தில்லை என்ற பழைய பெயரைக் கொடுத்த மரம். அதன் பால் தோலில் பட்டால் கொப்புளிக்கும், கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். உப்பங்கழியில் தோணி தள்ளுகிறவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு பழக்கம், குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவது, வாயால் ஊதுவது. இதை உடனே நிறுத்த வேண்டும். எண்ணெய் மூச்சுக்குழல் வழியே நுரையீரலுக்குப் போய்த் தங்கினால் நிமோனியா வரும். இதைப் புதுமை என்று நினைக்காதீர்கள். மூக்கில் மருந்து விடும் நசியத்தை ஏழு வயதுக்குக் கீழே செய்யக் கூடாது என்று அஷ்டாங்க ஹிருதயத்தில் வாக்படர் எழுதியே வைத்திருக்கிறார். சளிக்குத் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சித் தடவுவதும் கைக்குழந்தைக்கு வேண்டாம். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரும்.

பழைய நூல்கள் சொல்லியும் நாம் விட வேண்டியது ஒன்று உண்டு. அது தேன். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து, உடலையே தளரச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். இந்த நோய் 1976-இல்தான் அடையாளம் காணப்பட்டது. சார்ங்கதரர் காலத்தில் இது தெரிந்திருக்க வழியில்லை. நமக்குத் தெரியும். ஒரு வயது முடியும்வரை நாக்கில் ஒரு சொட்டுத் தேன்கூடத் தடவாதீர்கள்.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்வது. பால்குடிப் பிள்ளைக்குத் தாய் வழியாகவே மருந்து என்ற பழைய விதியும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு சித்த மருந்துதான் வேண்டுமென்றால், அரசு மருத்துவமனையின் சித்த மருத்துவப் பிரிவில் கேளுங்கள். கல்லில் இழைக்கிற இந்த உரை மருந்தையே உரை மாத்திரையாக அங்கே தருகிறார்கள். எத்தனை நாள், எவ்வளவு என்று மருத்துவரே சொல்வார். கடையில் வாங்கினால் உரிம எண்ணும் காலாவதி நாளும் இல்லாத பொட்டலத்தைத் தொடாதீர்கள். செந்தூரம், பற்பம் என்று உலோகம் சேர்ந்தவற்றைப் பிள்ளைக்கு நீங்களாகக் கொடுக்கவே கூடாது.

தாய்மார்களே, பாட்டிமார்களே, பிள்ளை பால் குடிக்க மறுத்தால், மூச்சு வாங்கினால், வெட்டி வெட்டி இழுத்தால், இரண்டு மாதம் ஆகாத பிள்ளைக்கு உடம்பு சுட்டால், உரைகல்லை எடுக்காதீர்கள். மாந்தமா, தோஷமா என்று ஆராய நேரமில்லை. 108-ஐ அழைத்து, சிதம்பரத்து அரசு மருத்துவமனைக்குப் பிள்ளையைக் கொண்டுபோங்கள். அதுவரை பிள்ளை உறிஞ்சிக் குடிக்கிற நிலையில் இருந்தால் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்.